ட்யூபில் போட்ட கறுப்புக் கோடு

குழாய்க்காரனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. சாக்கடை அடைப்பெடுக்கும் நீளமான கம்பியை வளையம் வளையமாகச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போவான். அதனால் சுற்றுவட்டாரம் முழுக்க அவனுக்குச் 'சுருள்' என்று பேர். ஒரு வீட்டில் "சுருளைக் கூப்பிடு" என்று சத்தம் வந்தால், அங்கே பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் முழங்கை ஆழத்துக்கு நிற்கிறது என்று அர்த்தம்.

வேலையில் அவன் கெட்டி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கம்பியை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். முனை எதில் போய் இடிக்கிறது என்று கை சொல்லிவிடும். முடி என்றால் கம்பியைப் பிடித்து இழுக்கும், எண்ணெய்க் கசடு என்றால் மெத்தென்று வழிவிடும், யாரோ தவறவிட்ட கரண்டி என்றால் டங்கென்று திருப்பியடிக்கும். எல்லாம் வெளியே வந்து தண்ணீர் கடகடவென்று இறங்கினாலும் அவன் எழுந்திருக்க மாட்டான். வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "இறங்கிருச்சேப்பா, போதும்" என்றால் முகம் சிவந்துவிடும்.

"இப்ப இறங்கும் சார். சுவத்துல ஒட்டியிருக்கிறதை விட்டுட்டுப் போனா அதுமேலயே மறுபடி ஒட்டும். சுரண்டி எடுத்தாத்தான் அது வேலை."

சாக்கடையைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் அந்தக் கையாலேயே, அந்த நியாயத்தை வைத்தே, பெற்ற பிள்ளையின் மூச்சை இறுக்கப் போகிறான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கம்பியாலேயே நாலு சாத்து சாத்தி அனுப்பியிருப்பான்.

அவன் மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அளந்து பேசுவாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்துப்போன பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறைக்கு வெளியே நின்றவன் காதில் அழுகைச் சத்தம் விழுந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சத்தம் சட்டென்று நின்றது. மறுபடி வீறிட்டது. மறுபடி நின்றது. முதல் இரண்டு முறை சிரித்தவன் மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

கதவு பாதி திறந்திருந்தது. நர்ஸின் கையில் குழந்தை அழும்போது ரோஜா நிறத்தில் இருந்தது. அழுகை ஓய்ந்து வாயை மூடியதும் நெஞ்சு உள்வாங்கியது, உதடு நீலம் பாய்ந்தது. திணறித் திணறி வாய் திறந்து அழுத பிறகுதான் நிறம் திரும்பியது. நர்ஸ் ஒரு மெல்லிய ட்யூபை எடுத்துக் குழந்தையின் ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டாள். கொஞ்சம் போய் நின்று, பக்கவாட்டில் வளைந்தது. அடுத்த துவாரத்தில் விட்டாள். அங்கேயும் வளைந்தது. அந்த வளைவைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆயுசு முழுக்க அதைத்தான் பார்த்திருக்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மூக்கு, தொண்டை பார்க்கும் டாக்டரம்மா வந்து விளக்கினார். "மூக்கோட பின்பக்கம் தொண்டையில போய்த் திறக்கணும். உங்க பாப்பாவுக்கு அந்த வாசல் உருவாகவே இல்ல. ரெண்டு பக்கமும் எலும்பு மூடியிருக்கு. பொறந்த குழந்தைக்கு வாயால மூச்சு விடத் தெரியாது. அழும்போது மட்டும்தான் காத்து உள்ள போகுது."

முதலில் வாயில் ஒரு சின்ன ட்யூபை வைத்து மூச்சைக் காப்பாற்றினார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன் நடந்தது. முடிந்து வந்த டாக்டரம்மாவின் முகத்தில் தெம்பு இருந்தது.

"எலும்பை எடுத்தாச்சு. அதுமேல இருந்த சவ்வையே மடக்கி, வெட்டின இடத்துல போர்த்தி விட்டிருக்கோம். இப்ப ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. அது பிடிச்சு, ஓரத்துல எல்லாம் புதுத்தோல் வளர்ந்து மூட வாரக்கணக்குல ஆகும். சளியை வெளிய தள்ளுற பொடி ரோமமெல்லாம் உள்ள இருக்கு, அது பழையபடி வேலை செய்ய மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் சளி தங்கி, காஞ்சு, பொருக்குக் கட்டும்."

"அந்தப் பொருக்கை எடுத்துறணும், இல்லையாம்மா?" என்றான் அவன்.

"உப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு ஊற வைங்க. அப்புறம் இந்த ட்யூபை உறிஞ்சுற மெஷின்ல மாட்டி, வெளியில இருக்கிறதை மட்டும் எடுங்க. இங்க ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கேன் பாருங்க. இது மூக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்திறணும். அதுக்கு உள்ள என்ன இருந்தாலும் தொடக்கூடாது. அங்க புண் பட்டா உடம்பு மூடத்தான் பார்க்கும். உடம்புக்கு அது வாசல்னு தெரியாது, காயம்னுதான் தெரியும்."

மனைவி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். அவன் காதில் தங்கியது 'பொருக்குக் கட்டும்' என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான்.

மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும்தான் அவர்கள் வீடு. தையல் மெஷின் இருந்த மூலையில் உறிஞ்சும் மெஷின் வந்து உட்கார்ந்தது. குழந்தை தூங்கி வீடு அமைதியானால் மற்ற வீடுகளில் பெருமூச்சு விடுவார்கள். இந்த வீட்டில் அமைதியானால் இரண்டு பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்து குனிந்து பார்ப்பார்கள். குழந்தை வாயை மூடிக்கொண்டு, மூக்கால் சீராக மூச்சு விட்டுக்கொண்டு தூங்கும். கசடில்லாத குழாயில் தண்ணீர் போகும்போது சத்தமே கேட்காது. அப்படி இருந்தது அந்த மூச்சு. அதைக் கேட்டு அவனுக்குக் கண் கலங்கும்.

சுத்தம் செய்வதை மனைவிதான் பார்த்துக்கொண்டாள். இரண்டு சொட்டு விடுவாள், காத்திருப்பாள், ட்யூபை விடுவாள், கறுப்புக் கோடு வந்ததும் எடுத்துவிடுவாள். பக்கத்தில் நின்று பார்க்கும் அவனுக்குக் கை பரபரக்கும். வீடு கூட்ட வந்தவள் வாசலை மட்டும் பெருக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. உள்ளே என்ன கிடக்கிறதோ என்ற நினைப்பு வேலைக்குப் போகும் இடமெல்லாம் கூடவே வந்தது.

ஒருநாள் காலையில் வலது மூக்கில் ஒரு விசில் சத்தம் கேட்டது. நூல் மாதிரி மெல்லிசு. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அவனுக்குக் கேட்டது.

"சளிதாங்க. சொட்டு விட்டிருக்கேன், ஊறட்டும். நான் குளிச்சிட்டு வந்து எடுக்கிறேன்" என்று அவள் குளியலறைக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அவன் மெஷினைப் போட்டான். ட்யூபை விட்டான். கறுப்புக் கோடு மூக்கு நுனிக்கு வந்தது. முனை மெத்தென்று எதிலோ போய் நின்றது. இங்கேதான் இருக்கிறது என்று கை சொன்னது. கோட்டைத் தாண்டி ஒரே ஒரு தள்ளு. சர்ரென்று உறிஞ்சிக்கொண்டு, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு தோல் போல என்னவோ ட்யூபுக்குள் வந்தது. பின்னாலேயே ஒரு சிவப்புக் கீற்று. குழந்தை வீறிட்டது. அழுது ஓய்ந்து மூச்சு விட்டபோது விசில் போயிருந்தது.

அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்ன சொல்ல. தொட்டித் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும்போது வருமே, அதைவிடப் பத்து மடங்கு. துணி நுனியால் மூக்கைத் துடைத்து, துணியை ஊறப்போட்ட பக்கெட்டில் போட்டு, ட்யூபைக் கழுவி வைத்தான். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும் என்று நினைத்தானே தவிர, தப்புச் செய்கிறோம் என்று நினைக்கவில்லை.

விசில் திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் வந்தது. அவன் மறுபடி எடுத்தான். அவள் குளிக்கப் போகும் நேரம் அவனுடைய வேலை நேரமாயிற்று. எடுத்தவுடன் மூச்சு சீராகும், பிறகு முன்னைவிட மோசமாகும். அது மட்டுமா, முனை போய் இடிக்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. வேறு ஒருத்தன் என்றால் அது தெரியவில்லை என்று விட்டுவிடலாம். இவன் கைக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், இது பிடிவாதமான அடைப்பு, இன்னும் அழுத்தி எடுக்க வேண்டும் என்றுதான் அந்த மண்டையில் தோன்றியது. மன்னிக்க மனசு வராத இடம் இதுதான்.

அவன் நிழல் மேலே விழுந்தாலே குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்ப ஆரம்பித்தது.

"ஏன், அப்பன் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று கேலி பேசினான். மனைவி சிரிக்கவில்லை. துவைத்த துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு துணியை மட்டும் தனியாக எடுத்து, அதன் நுனியைப் பார்த்துவிட்டு, மறுபடி அடுக்கில் சேர்த்தாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழலை மூக்கில் விட்டுத் திரையில் பார்த்தார். போன முறை திரையில் வெளிர் சிவப்பாக, வழவழவென்று ஒரு சுவரும் நடுவில் ஒரு வாசலும் தெரிந்தன. இப்போது வாசலைச் சுற்றி மாதுளை முத்துகள் போலச் சதை கொத்துக் கொத்தாகப் பொங்கியிருந்தது. டாக்டரம்மா குழலை அடுத்த மூக்குக்கு மாற்றிப் பார்த்தார்.

"நல்லா ஆறிட்டு வந்துச்சே. எதிர்பார்க்கல. வீட்டுல ட்யூபு கோட்டைத் தாண்டிப் போகலையே?"

"இல்லம்மா. கோடு வரைக்கும்தான்" என்றான் அவன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையின் போர்வை ஓரத்தை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தலை நிமிரவில்லை.

"சில பேருக்கு உடம்புவாகு அப்படி இருக்கும். சதை சீக்கிரமா வளரும். மருந்து எழுதித் தரேன், பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

உடம்புவாகு. மூழ்குகிறவன் பலகையைப் பிடிக்கிற மாதிரி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னான். கையை மட்டும் நிறுத்தவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே விலகித் திணறியது. மறுபடி வாய் வைத்தது, மறுபடி விலகியது. உதட்டோரம் நீலம் ஏறியது. வீறிட்டு அழுதது, நிறம் திரும்பியது. ஓய்ந்தது, நீலம் ஏறியது. பிறந்த அன்று பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்த அதே காட்சி இப்போது அவர்கள் வீட்டுக் கட்டிலில் நடந்தது. செருப்புக்கூடப் போடாமல் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். வழி நெடுக அவள் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி அழ வைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். இடது பக்கம் மூடிவிட்டது. வலது பக்கம் ஊசிக்கண் அளவுக்குத்தான் வழி இருந்தது.

"மறுபடி திறக்கணும். ஆனா இவ்வளவு வேகமா மூடுற உடம்புல மூக்கை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க முடியாது. தொண்டையில ஓட்டை போட்டு மூச்சுக்கு ட்யூப் வச்சிறலாம்னு நினைக்கிறேன். வருஷக்கணக்கா அப்படியே இருக்க வேண்டி வரலாம். அழுதாலும் சத்தம் வெளிய வராது. கண் கொட்டாம பார்த்துக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வராந்தா பெஞ்சில் இடித்துவைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். உடம்புவாகு என்று டாக்டரம்மா நினைப்பதால்தான் இந்த ஓட்டை. அது அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் ஊரெல்லாம் தேடிவந்த அந்தக் கைக்கு இனி என்ன மரியாதை. திறக்காவிட்டால் குழந்தையின் கழுத்தில் கத்தி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். யோசித்தான். வெட்கக்கேடுதான், ஆனாலும் யோசித்தான். உள்ளே குழந்தை அழுதது. அந்த அழுகைக்குத் தொண்டை கிழிகிற மாதிரி சத்தம் இருந்தது. சத்தம் இல்லாமல் வாய் மட்டும் திறந்து மூடுவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். எழுந்து கதவைத் தட்டாமலே உள்ளே போனான்.

"டாக்டரம்மா, உடம்புவாகு இல்ல. நான்தான். கோட்டைத் தாண்டி விட்டேன்."

"எத்தனை தடவை?"

"தினமும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"நீங்க எடுத்தது அழுக்கு இல்ல. முதல்ல வந்தது நாங்க போர்த்தின சவ்வு. அப்புறம் வந்ததெல்லாம் அந்த இடத்துல உடம்பு வளர்த்த புதுத்தோல். தினமும் உரிச்சிருக்கீங்க. உரிக்க உரிக்க, அது மூடியிருக்கு." கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்பவாவது சொன்னீங்களே. தொண்டையில கை வைக்க வேணாம். மூக்கை மட்டும் திறந்து இன்னொரு தடவை பார்ப்போம்." பிறகு அவளைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "துணியில ரத்தம் பார்த்தேன். பல நாள் பார்த்தேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அவரு அடைப்பெடுக்கிற கையாச்சே. எல்லாரும் அவரைத்தானே கூப்பிடுறாங்க. தெரிஞ்சுதான் செய்வார்னு இருந்துட்டேன்."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. காலர் அளவு சொல்வது போலச் சொன்னாள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா புது ட்யூபில் கறுப்புக் கோடு போட்டார். வாங்க அவன் கையை நீட்டினான். டாக்டரம்மா ட்யூபை அவள் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. குழந்தையோடு அவனைத் தனியாக விட்டு அவள் குளிக்கப் போவதில்லை, அவ்வளவுதான். அவன் வேலைக்கு வெளியே கிளம்பிய பிறகுதான் குளித்தாள். அவனும் மாறிப்போனான். ஒரு வீட்டில் தண்ணீர் இறங்கியதும், யாரும் போதும் என்று சொல்லாமலே, கம்பியைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். வீட்டுக்காரர், "என்ன சுருளு, சுரண்டலையா?" என்று கேட்டபோது கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

பரிசோதனையில் உள்ளே ஆறி வருவதாகச் சொன்னார்கள். சுவர் மறுபடி வெளிர் நிறத்துக்கு வந்திருந்தது. அதைக் கேட்டு இரண்டு பேருமே சிரிக்கவில்லை. போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மொட்டைமாடியில துணி காயப்போட்டுட்டு வரேன். பாப்பாவைப் பாத்துக்கோங்க."

அவள் போய்விட்டாள். ட்யூப் வைக்கும் டப்பா எப்போதும் போல அலமாரியில்தான் இருந்தது. அவள் அதை ஒளித்து வைக்கவில்லை.

கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தான். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. பிறகு, அவன் பயந்தபடியே, வலது மூக்கில் அந்த நூல் மாதிரி விசில் தொடங்கியது.

கை பரபரத்தது. எங்கே இடிக்கும், எப்படி வழிவிடும் என்று விரல்களுக்கு மனப்பாடம். எழுந்து அலமாரி வரைக்கும் போனான். டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த உப்புத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினான். இரண்டு சொட்டு விட்டான். விசில் நிற்கவில்லை. இன்னும் கூர்மையாயிற்று. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் லேசாக உள்ளே இழுத்தது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். உதட்டின் நிறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீலம் தெரிந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அது வரைக்கும் எதையும் தொடக்கூடாது.

குழந்தையின் முகம் சுருங்கியது. மூக்கு விடைத்தது. சின்னதாக ஒரு தும்மல். பருப்புத் தோல் அளவுக்கு ஒரு பொருக்கு தெறித்து விரிப்பில் விழுந்தது. குழந்தை கண்ணைக்கூடத் திறக்காமல் தூக்கத்தைத் தொடர்ந்தது. விசில் இல்லை.

அவன் அழுதான். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. தானாக வெளியே வரத் தெரிந்த ஒன்றுக்காகத்தான் அவன் அந்தப் பாடு படுத்தியிருந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். பக்கெட்டில் துணி அப்படியே ஈரமாக இருந்தது. அவள் மாடிக்குப் போகவே இல்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ, அவன் கேட்கவில்லை.

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். கட்டிலைத் தாண்டி அலமாரிக்குப் போனாள். டப்பாவைத் திறந்து ட்யூபை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உருவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. திரும்ப வைத்து டப்பாவை மூடினாள். பிறகுதான் குழந்தையின் பக்கம் குனிந்தாள்.